எழும்பாத பறவைகள்

மன்னார்த் தீவில் ஒளிந்து நின்று பார்க்க இடமில்லை. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த நிலத்தில் குன்று என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்கு உயரமாகத் தெரிபவை பனைகளும், தேவாலயக் கோபுரங்களும், தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகளும்தான். பள்ளிமுனையில் நிற்கும் பழைய பெருக்கமரம்கூடச் சுற்றளவில் பெரியதே தவிர உயரத்தில் அல்ல. தள்ளாடியிலிருந்து தீவுக்குப் போகும் தாம்போதியில் வானை நிறுத்தி இறங்கினால் இருபுறமும் கணுக்கால் ஆழத் தண்ணீரும் சேறும் விரிந்து கிடக்கும். அந்த வெளியில் எழும்பி நிற்கும் ஒரே பொருள் நாமாகத்தான் இருப்போம். காட்டுக்குள் வேலை செய்யும் வழிகாட்டிக்கு மரமும் பாதையின் வளைவும் துணை. யாலவில் ஜீப்பே ஒரு மறைப்பு. மன்னாரில் பறவை காட்டும் எங்களுக்கு, வானை விட்டு இறங்கிவிட்டால் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் பறவையைக் காண முன்னரே அது எங்களைக் கண்டுவிடுகிறது. ஆகவே இந்தத் தொழிலின் வித்தை முழுவதும் ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது: எங்களைக் கண்ட பிறகும் அது தன்பாட்டில் மேய்கிறதா? இன்று எத்தனை இனம் காட்டினோம் என்று மாலையில் கணக்குச் சொல்லும் பழக்கம் எங்கள் வட்டத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. எத்தனை தடவை ஒரு கூட்டத்தை எழுப்பிவிட்டோம் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும் என்பதே என் வாதம். அப்படி எழுதத் தொடங்கினால் ஆறு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற முடிவுக்கு யாரும் தானாகவே வந்துசேர்வார்கள்.

ஒரு கூட்டம் எழும்பிப் பறப்பதில் என்ன கேடு, அழகான காட்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பறவைகள் எங்கிருந்து வந்து, எதற்காக இந்தச் சேற்றில் நிற்கின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். தாம்போதியை ஒட்டிய வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டெயர் பரப்புடையது. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் இலங்கையின் நான்காவது ராம்சார் ஈரநிலம் ஆனது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கக்கூடிய இடம் அது. மத்திய ஆசியா வழியாகத் தெற்கே இறங்கும் வலசைப் பாதையில் நிலம் முடிகிற முனை இது. இதற்கு அப்பால் போக நினைக்கும் பறவைக்கு மிஞ்சியிருப்பது இலங்கையின் எஞ்சிய கரைகளும் இந்து சமுத்திரமும்தான். இங்கே சேற்றோரம் ஓடித் திரியும் கொசு உள்ளானின் எடை ஒரு கோழிமுட்டையின் பாதி அளவே. அது குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பெருவெளியில். வந்த களைப்புத் தீர வேண்டும், தேய்ந்த இறகை மாற்ற வேண்டும், பங்குனி சித்திரையில் திரும்பிப் போவதற்குத் தேவையான கொழுப்பை உடம்பில் ஏற்ற வேண்டும். இத்தனையும் அந்தச் சேற்றிலுள்ள புழுக்களைக் கொண்டே நடக்க வேண்டும். அதுவும் சேறு வெளித்தெரியும் மணித்தியாலங்களில் மட்டும். ஒரு தடவை எழுப்பிவிட்டால் பறந்த செலவு ஒன்று, மேயாமல் போன நேரம் இன்னொன்று. பூநாரையின் பாடு வேறு. நின்ற இடத்திலிருந்து அதனால் எழும்ப முடியாது. தண்ணீர்மேல் ஓடி வேகம் பிடித்த பிறகுதான் அந்தப் பெரிய உடல் மேலே போகும். அதன் செஞ்சிவப்புச் சிறகை விரித்த படத்துக்காகக் கை தட்டி எழுப்புகிறவர், அது அன்று தலைகீழாக அலகைக் கவிழ்த்து மணிக்கணக்காக வடித்துச் சேர்த்த இரையிலிருந்து ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறார். ஒருவர் பிடுங்கினால் அது தாங்கும். பருவம் முழுக்க நாளுக்குப் பத்து வான்கள் வந்து பிடுங்கினால்?

எழுப்பாமல் இருப்பது வெறும் நல்லெண்ணத்தால் வருவதில்லை; படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பூநாரைக் கூட்டம் பறப்பதற்கு நெடுநேரம் முன்பே தன் மனதைச் சொல்லிவிடும். நிம்மதியாக மேயும்போது தூரத்திலிருந்து முதுகுகள் மட்டுமே தெரியும். கழுத்துகள் கீழே வளைந்து தண்ணீருக்குள் போயிருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள் எப்போதும் நிமிர்ந்திருக்கும், அவை காவல். அந்த எண்ணிக்கை கூடத் தொடங்கும் கணத்தில் நாம் நின்றுவிட வேண்டும். நின்று, முடிந்தால் குந்தி, பேச்சையும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் கழுத்துகள் ஒவ்வொன்றாக மீண்டும் வளையும். பிறகு இன்னும் சில அடிகள் போகலாம், போகாமலும் விடலாம். எல்லாத் தலைகளும் நிமிர்ந்து, கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நம்மை விட்டு நடக்கத் தொடங்கினால் வழிகாட்டி ஏற்கனவே பிழை விட்டுவிட்டான் என்று அர்த்தம். இனி நின்றாலும் போதாது. பின்வாங்க வேண்டும், அதுவும் சடாரென்று திரும்பாமல் மெதுவாக. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வேறு மொழி பேசுகின்றன. ஓடி ஓடிக் கொத்துவது நின்றுபோய், எல்லாம் உடம்பை நீட்டி அசையாமல் நின்றால் அது எச்சரிக்கை. ஊசிவால் வாத்துகள் தண்ணீர்மேல் நெருங்கி ஒட்டிக்கொண்டு ஆழமான பக்கம் நீந்தத் தொடங்கும். இவற்றைச் சொல்லித்தரும் கள வழிகாட்டி நூல்கள் குறைவு. அவை அலகின் நிறத்தையும் இறக்கைக் கோட்டையும் சொல்லும். கூட்டத்தின் மனநிலையைச் சொல்லா. ஆனால் பயணிக்கு உண்மையில் மனதில் நிற்பது இதுதான். பெயர்கள் ஊர் திரும்ப முன் மறந்துபோகும். ஒரு கூட்டத்தின் பயம் ஏறி இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவர், பிறகு தன் ஊர்க் குளத்துக் கொக்கையும் அதே கண்ணோடு பார்ப்பார்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆறு என்ற எண் தாம்போதியின் ஓரத்தில் செய்த எளிய கூட்டல் கழித்தலில் கிடைத்தது. முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்று. அதில் கண்ணை வைத்து, இடத்தைப் பிடித்து, பறவையை ஆறுதலாகப் பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம் வேண்டும். ஆறு பேர் பார்த்து முடிக்க ஆறேழு நிமிடம். அதுவரை நண்டுண்ணி அதே திட்டில்தான் நிற்கும், முதல் ஆள் இரண்டாம் முறையும் பார்க்கலாம். இருபது பேர் என்றால் கடைசி ஆளின் முறை வர இருபது நிமிடம் ஆகிவிடும். வரிசையின் வாலில் நிற்பவர் சும்மா நிற்க மாட்டார். கைபேசியை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னே போவார், அவரைப் பார்த்து இன்னொருவர் போவார், கூட்டம் எழும்பிவிடும். பதினாலு பேர் பார்க்காமலே திரும்புவார்கள். குரலும் ஒரு கணக்கு. தீவில் காற்று ஓய்கிற பொழுதுகள் குறைவு. ஆறு பேர் அரைவட்டமாக நின்றால் வீட்டுக்குள் பேசும் குரலே போதும். பன்னிரண்டு பேருக்குக் கத்த வேண்டும். மூன்றாவது, ஆறு பேரும் ஒரே வானுக்குள் அடங்குவார்கள். நடந்து வரும் மனிதனுக்குப் பயப்படும் பல பறவைகள் நிறுத்திய வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இந்த மொட்டை வெளியில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே மறைப்பு அந்த வான்தான். இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளிருந்தே பார்ப்பது பல இடங்களில் மிகச் சிறந்த வழி. பஸ்ஸில் அது முடியாது. ஒரு பக்கத்து யன்னலில் இருப்பவருக்கு மறுபக்கம் தெரியாது என்பதால் எல்லாரும் இறங்கத்தான் கேட்பார்கள்.

தீவைச் சுற்றும் வழியையும் நிகழ்ச்சி நிரல் எழுதுபவர் தீர்மானிக்க முடியாது. காற்றுத் தீர்மானிக்கும். மன்னாருக்கு இரண்டு முகங்கள்: வடகரை பாக்குக் கடலைப் பார்க்கிறது, தென்கரை மன்னார் வளைகுடாவைப் பார்க்கிறது. மார்கழி, தையில் வாடைக் காற்று வடகரையில் வந்து மோதும்போது பேசாலைப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும். தாழ்வுபாட்டுப் பக்கம் அதே நேரத்தில் தாம்பாளத் தண்ணீர்போலக் கிடக்கும். வைகாசியில் சோளகம் பிறந்தால் எல்லாம் தலைகீழ். இந்தத் தீவின் மீனவர்கள் இதை அறிந்து பருவத்துக்குப் பருவம் கரை மாறி வாடி போடுகிறார்கள். இங்கே வழிகாட்டித் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை. பாக்குக் கடல் ஆழமற்றது, அதன் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தின்மேல் காற்றின் கை ஓங்கிவிடுகிறது. பலமான காற்று நீரை ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்தால், வற்றவேண்டிய நேரத்திலும் சேறு வெளிவராது, மேய்கிற பறவைகள் வேறிடம் போய்விடும். காலை ஏழு மணிக்குத் தாம்போதி, எட்டரைக்குப் பெருக்கமரம், ஒன்பதுக்குக் கோட்டை, பத்தரைக்குத் தலைமன்னார் என்று கொழும்பில் இருந்து அச்சடித்து வரும் நிரலுக்கு இதில் எந்த இடமும் கொடுக்க முடியாது. ஆறு பேரோடு போகும்போது காலையில் ஊர்ப்பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டுத் திசையை மாற்றலாம். நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு ஓரிடத்தில் சொல்லிவைத்த பிறகு திசை மாற்ற முடியாது. பயணிகள் கேட்கும் மன்னார்க் கழுதைகளுக்கு மட்டும் காற்றைப் பார்த்து வழி மாற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்து வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அவை நகரத் தெருக்களிலேயே நிற்கும். அவற்றுக்குத் தீனி நீட்டாதீர்கள் என்று சொல்வது மட்டும் என் வேலை, ஏனென்றால் தீனிக்காக வாகனங்களை நெருங்கப் பழகிய கழுதைதான் இரவில் வாகனத்தில் அடிபடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பார்க்கத் தெரிந்த பயணிகளாக இருப்பார்கள். மீனவர் அதே சேற்றுக்குள் வலையோடு நடந்து போகிறார், நாங்கள் நிற்கும் தூரத்தின் கால்வாசிக்குள் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன, ஒன்றும் எழும்பவில்லை. பிறகு எங்களை மட்டும் ஏன் கட்டிப்போடுகிறீர்கள்? கண்ணால் கண்டது உண்மை, மறுக்க முடியாது. ஆனால் அவர் எப்படி நடக்கிறார் என்று கவனியுங்கள். பறவையை நோக்கி நடக்கவில்லை. தன் வலையை நோக்கி நடக்கிறார். நேற்றும் அதே நேரத்தில் அதே தடத்தில் அதே வேகத்தில் நடந்தார். முகம் பறவையின் பக்கம் திரும்பவில்லை, நடுவழியில் நின்று எதையும் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. பறவைக்கு அச்சமூட்டுவது மனிதன் என்பதைவிட மனிதனின் கவனம் என்றே சொல்ல வேண்டும். நேராக வந்து, உற்றுப் பார்த்து, நின்று, மறுபடி நெருங்குவது வேட்டையாடுபவனின் நடை. தலைமன்னார்க் கரையில் மீன் இறக்கும் இடத்தில் கடற்காகங்கள் ஆட்களுக்கு நடுவிலேயே கழிவுக்காகக் காத்து நிற்பதும் இதே காரணத்தால்தான். 2021 இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி அனுப்பிய ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் சம்பத் செனவிரத்னவின் குழு பதிவுசெய்தது. அவ்வளவு தூரம் அறிந்த பறவை யாரை நம்பலாம் என்பதையும் அறிந்துதான் வைத்திருக்கிறது. ஆகவே மீனவரின் உதாரணம் என் வாதத்தை உடைக்கவில்லை. எப்படி நடக்க வேண்டும் என்று திருத்திக் காட்டுகிறது. பறவையை விட்டுச் சற்று விலகிய கோட்டில், நிற்காமல், ஒருவர் பின் ஒருவராக நடந்தால் நாங்களும் கொஞ்சம் நெருங்கலாம். அந்த நடையை ஆறு பேருக்கு ஒரு காலைக்குள் பழக்கலாம். பெரிய கூட்டத்துக்குப் பழக்க வழியில்லை.

அடுத்த மறுப்பு என்னை உண்மையில் தடுமாற வைக்கிறது. ஆறு பேர் என்றால் தலைக்கு வரும் செலவு கூடும். அப்படியானால் தன் தீவின் பறவைகளைப் பார்க்கும் பாக்கியம் வெளிநாட்டவருக்கும் கொழும்பு வசதிக்காரருக்கும் மட்டும்தானா? மன்னார்ப் பிள்ளைகள் பூநாரையைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்க வேண்டுமா? இதற்கு முழு விடை என்னிடம் இருப்பதாக நடிக்க மாட்டேன். பாதி விடை இது. பறவைக்குத் தொந்தரவு தருவது கூட்டத்தின் அளவு மட்டுமன்று, அது நகர்கிற விதமும்தான். ஒரு வகுப்பு முழுவதையும் தாம்போதியோரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைத்து, இரண்டு மணித்தியாலம் அசையாமல் பார்க்க விடலாம். பறவைகளே நெருங்கி வருகிற நாட்களும் உண்டு. நெருங்கிப் போகும் நடைக்கு மட்டும் பிள்ளைகளை அறுவர் அறுவராகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஊர் இளைஞர்கள் பலர் வழிகாட்டப் பழகியிருக்க வேண்டும், அதுவும் நல்லதுதான். வருமானத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை. பஸ்ஸில் வந்து ஒரு மணித்தியாலம் நின்று படம் எடுத்துப் போகும் ஐம்பது பேர் தீவில் விட்டுச் செல்வது தண்ணீர்ப் போத்தல்களைத்தான். காற்றுக்கும் தண்ணீருக்கும் காத்திருக்க இரண்டு இரவு தங்கும் ஆறு பேர் அறை எடுக்கிறார்கள், இரவில் ஒடியல் கூழும் நண்டுக் கறியும் சாப்பிடுகிறார்கள், பேசாலையில் கருவாடும் பனையோலைப் பெட்டியும் வாங்குகிறார்கள். காத்திருப்பே ஊருக்குக் காசாகிறது.

பயணி பணம் கொடுத்திருக்கிறார், அவருக்குக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று சொல்லும் சக தொழிலாளர்களும் உண்டு. யாலவில் சிறுத்தை தெரிந்தது என்ற செய்தி பரவியதும் ஜீப்புகள் மொய்ப்பதையும், மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலத்தைச் சுற்றிப் படகுகள் திரள்வதையும் இந்த நாடே அறியும். அங்கே நடந்தது இந்த வாக்குறுதியின் விளைவு. விலங்கின் பெயரை விளம்பரத்தில் போட்டுவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டும் கடமை வழிகாட்டியின் தலையில் விழுந்துவிடும், சாரதியின் சன்மானமும் அதிலேயே தொங்கும். கடற்பசுவை நான் அதற்கு எதிர் உதாரணமாக எடுப்பேன். மன்னார்க் கடலில் அது வாழ்கிறது. ஆவுளியா என்று இந்தக் கரைகளில் பெயர். படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்கிறவர் நேர்மையாகச் சொல்லவில்லை. ஆனால் காற்று மாறிய மறுநாள் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லை ஒரு கை அள்ளி, இது பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள செடி, இந்த மேய்ச்சல்தரை இல்லாவிட்டால் ஆவுளியா இல்லை, இறாலுக்கும் பல மீன் குஞ்சுகளுக்கும் ஒதுங்க இடமில்லை என்று விளக்கினால், காணாத விலங்கைப் பற்றி அரை மணித்தியாலம் கேள்வி கேட்பார்கள். ஏமாற்றத்தோடு திரும்பிப் போகிறவர்கள், முன்கூட்டியே பொய் சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள்தான். ட்ரோன் கருவியை ஆரம்பத்திலேயே பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிடுவதும் இதே நேர்மையின் பகுதி; மேலிருந்து இரைந்துகொண்டு இறங்கும் எதுவும் உள்ளானுக்குப் பருந்துதான்.

மிகக் கசப்பான மறுப்பு கடைசியானது. தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. உயர்மின்கம்பிகளில் மோதிப் பூநாரைகள் செத்த செய்திகள் வந்திருக்கின்றன. கனிய மணல் அகழ்வதற்கும் கண்கள் தீவின்மேல் இருக்கின்றன. இவ்வளவுக்கு நடுவில் ஆறு பேரா பன்னிரண்டு பேரா, இருபதடி தள்ளியா கிட்டவா என்று பார்ப்பது அற்பம் அல்லவா? அளவில் அற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கம்பிவரிசை ஒரே இரவில் செய்யும் கேட்டை எந்த வழிகாட்டியும் ஒரு பருவம் முழுக்க முயன்றாலும் செய்ய முடியாது. ஆனால் இரண்டாவது பெரிய காற்றாலைத் திட்டம் மன்னாருக்கு வருவதாக இருந்தபோது எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் போடப்பட்டன, 2025 பெப்ரவரியில் அதைச் செய்யவிருந்த இந்திய நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. விலகலுக்கு விலைப் பேச்சும் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் வலசைப் பாதை என்ற சொல் அந்த வாதங்களில் கனத்தோடு நின்றதற்குக் காரணம், இந்தச் சேற்றில் பருவம் பருவமாகப் பொறுமையோடு நின்று எண்ணியவர்கள் இருந்ததுதான். பறவைகள் எங்கே மேய்கின்றன, எந்த நேரத்தில் எந்த உயரத்தில் தாம்போதியைக் கடக்கின்றன என்பதெல்லாம் கலையாத கூட்டத்தைப் பார்த்து மட்டுமே எழுதக்கூடியவை. நாமே கலைத்துவிட்ட கூட்டத்தை எண்ணினால் கிடைப்பது நம்முடைய பயணத்தின் கணக்கு, பறவைகளுடையது அல்ல. பெரிய கேட்டை எதிர்த்துப் பேசப் போகிறவர் சின்னக் கேட்டைத் தன் கையால் செய்துகொண்டிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டும்.

சுற்றின் கடைசி இடம் தலைமன்னார். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இங்கிருந்து அங்கே கப்பல் போனது, பிறகு 1980கள் வரை இராமேஸ்வரத்துக்குப் போனது. இன்று ரயில் மட்டும் வந்து நிற்கிறது. கரைக்கு அப்பால் மணல் தீடைகள் இராமேஸ்வரம் நோக்கிச் சங்கிலியாகப் போகின்றன. நம் எல்லைக்குள் இருப்பவை 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. சோளகக் காலத்தில், வைகாசி முதல் புரட்டாதிவரை, பலவகை ஆலாக்கள் அந்த வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் கிடையாது. ஒரு சின்னக் குழி, மணல் நிறத்திலேயே முட்டை. தாய் எழும்பினால் வெயில் சில நிமிடங்களில் முட்டையை வேகவைத்துவிடும். அந்த மாதங்களில் படகு கேட்டு வருபவர்களுக்கு நான் இல்லை என்றே சொல்கிறேன், அனுமதி கிடைக்குமென்றாலும். அதற்குப் பதிலாக மாலையில் கரையில் நிற்கிறோம். ஆலா ஒன்று கடலுக்குள் செங்குத்தாகக் குத்திப் பாய்கிறது, வெளியே வரும்போது அலகுக்குக் குறுக்கே ஒரு வெள்ளி மீன். விழுங்கவில்லை. மீனைக் கவ்வியபடியே தீடைகளின் பக்கம் நேராகப் பறக்கிறது, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. தனக்காகப் பிடித்த ஆலா மீனை அங்கேயே விழுங்கியிருக்கும். ஆறு பேரும் தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவை போகிற திசையில் எத்தனை குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருக்கும் என்று, மீன்களை எண்ணத் தொடங்குகிறார்கள்.